சொல்லை மறவாத குழல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன்பு, அவளுடன் அரங்கேறும் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். அவர்களுள் குழலாசிரியனும் ஒருவன். துளைகளின் மேல் விரல் ஓட்டம், பண்ணறிவு, முழவின் போக்கறிந்து இணையும் திறம் ஆகியவற்றோடு, பாட்டை எழுத்தெழுத்தாகப் பிழையின்றி இசைக்க வேண்டும் என்னும் கட்டளையும் அவனுக்கு உண்டு. யாழ் வாசிப்பவர் வாயால் பாடலாம். வாயையே கருவிக்குக் கொடுத்துவிட்ட குழலோன் எழுத்தை எங்ஙனம் காட்டுவான்? சொல்லை இழந்த கருவியிடம் சொல்லை எதிர்பார்க்கும் அந்தக் கடுமையான நிபந்தனையை இருபதாம் நூற்றாண்டில் தம் வாழ்நாள் முழுதும் மதித்து வாழ்ந்த கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் தஞ்சாவூர் விசுவநாதன். நெருங்கியவர்களுக்கு விசுவா.

அவர் 1927 ஆகஸ்ட் 13-இல் சென்னையில் பிறந்தார். பெயரின் முன்னொட்டு தஞ்சாவூரைக் குறிப்பதற்குக் காரணம், குடும்பத்தின் மூதாதையர் தஞ்சை அரசவையில் இசையும் நடனமும் வல்லவராக இருந்ததுதான். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாடகி. அக்கா பாலசரஸ்வதி பரதநாட்டியத்தின் பேராளுமை. அண்ணன் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர். பெரியம்மா, சித்தி வழி உறவிலே பிருந்தா, முக்தா சகோதரிகள். தமிழ்நாட்டு இசை வரலாற்றில் இத்தனை பெரும் பெயர்களை ஒரே கூரையின் கீழ்க் காட்டும் குடும்பங்கள் மிகக் குறைவு. அந்தக் கூரையின் கீழ்ப் பிறப்பதில் ஒரு சுமையும் உண்டு. சுமாராக வாசிக்கும் உரிமை அங்கே யாருக்கும் கிடையாது.

சென்னை ஜார்ஜ் டவுனில் தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வீணை வாசிப்புப் பற்றி இசையுலகில் இன்றும் பேசுகிறார்கள். கேட்க வருபவர் வித்துவான்கள். அசைந்தாலும் இருமினாலும் குற்றமாகிவிடும் அமைதி. அவர் வீணையை மீட்டிக்கொண்டே பாடுவார் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி. க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் அந்த வீட்டின் சொத்து. பதம் என்பது சொல்லைச் சார்ந்து மெதுவாக நகரும் இசை வடிவம். ராகத்தின் சாறு ஒவ்வொரு சொல்லின் வளைவிலும் ஒளிந்திருக்கும். சொல்லை விட்டால் பதம் இல்லை. தனம்மாள் 1938-இல் மறைந்தபோது பேரனுக்கு வயது பதினொன்று.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, எட்டு வயதில், அவர் குழல் கற்கத் தொடங்கிவிட்டார். கச்சேரி மேடையில் தனிக் கருவியாகப் புல்லாங்குழலுக்கு இடம் கிடைத்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கும்பகோணத்தைச் சேர்ந்த பார்வையற்ற மேதை சரப சாஸ்திரிகள் (1872-1904) தம் குறுகிய வாழ்நாளில் அந்த இடத்தைப் பெற்றுத் தந்தார். அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882-1962) அதை நிலைநிறுத்தினார். விசுவநாதனைவிட ஓராண்டு மூத்தவரான திருவிடைமருதூர் மகாலிங்கம் என்னும் மாலி, விரல் வைக்கும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றியமைத்துக் குழலின் தொனியையே புரட்டிப் போட்டார். இருபதாம் நூற்றாண்டின் குழல் வரலாறு பெரும்பாலும் மாலியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அது நியாயம்தான். ஆனால் அந்த ஒளியின் வீச்சில், அருகிலேயே ஓடிய வேறொரு பாதை பலருடைய கண்ணுக்குத் தப்பிவிட்டது.

அந்தப் பாதை திருப்பாம்புரத்திலிருந்து வந்தது. விசுவநாதனின் ஆசிரியர் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, நாகசுவரக் குடும்பத்தில் பிறந்து குழலைக் கைக்கொண்டவர். 1953-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவருடைய தந்தை நடராஜசுந்தரம் பிள்ளையும் தனம்மாளும் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பாடம் செய்தவர்கள். நடராஜசுந்தரம் பிள்ளை 1936-இல் தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் நூலாகவும் வெளியிட்டார். ஆகவே பேரன் குழல் கற்கச் சென்ற இடமும் பாட்டியின் ஊற்றுக்கு அந்நியமானதன்று. ஒரே நீர் வேறு வாய்க்காலில் வந்தது என்றே சொல்லலாம்.

சுவாமிநாத பிள்ளையின் வழி, மிடற்றிசையின் வழி. விரைவும் வியப்பும் அதன் நோக்கமல்ல. மூங்கிலில் இட்ட எட்டுத் துளைகளைக் கொண்டு, விரலைத் துளையின் மேல் பாதி மூடியும் வழுக்கியும், மூச்சை இறுக்கியும் தளர்த்தியும் கமகங்களைக் குரலுக்கு நிகராகக் கொண்டுவருவது அதன் நோக்கம். ஒரு பாட்டை ஊதுவதற்கு முன்பு அதைப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சியோடு தாயின் பாட்டும், அக்காவின் அபிநயமும் சேர்ந்தன. நடனத்தில் ஒரு பதத்தின் ஒரே வரியைப் பலமுறை திரும்பத் திரும்ப இசைக்க நேரும். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் காட்டுவார். இசைப்பவர் அதை முன்கூட்டியே உணர்ந்து சங்கதியை மாற்ற வேண்டும். பின்பாட்டில் அமர்பவருக்குச் சொல்லின் பொருள் தெரியாவிட்டால் ஆட்டம் நொண்டிவிடும். தெலுங்குப் பதத்தின் ஊடலும் ஏக்கமும் தமிழ்க் குழலுக்குள் புகுந்த வழி இதுதான்.

விசுவநாதனின் கச்சேரிகளைக் கேட்டவர்கள் மறவாமல் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு. ஊதிக்கொண்டிருப்பவர் திடீரெனக் குழலை இறக்கிவிட்டு அந்த வரியைப் பாடுவார். பின்பு குழலை உயர்த்தி விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பாட்டி மீட்டிக்கொண்டே பாடினார். பேரனுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் இயலாது, ஆகவே மாறி மாறிச் செய்தார். தனிக்கருவிக் கச்சேரியின் இலக்கணப்படி இது மீறல் என்று கருதியோர் இருக்கக்கூடும். நானும் முதன்முறை ஒலிநாடாவில் கேட்டபோது, குழல் நின்று குரல் எழுந்ததும், இரண்டு ஒலிப்பதிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவோ என்று நாடாவை நிறுத்திப் பார்த்தேன். மறுமுறை கேட்டபோதுதான் விளங்கிற்று. சற்றுமுன் குழலில் கேட்ட வளைவு எந்த எழுத்தின் மேல் விழுந்தது என்பதைக் குரல் காட்டியது. அதன் பிறகு குழல் மட்டும் ஒலித்தபோதும் சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் சற்றுத் திரும்ப வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரன் இந்தத் தஞ்சாவூர்க் குடும்பத்தின் கதையைப் படிக்கும்போது சுசீந்திரம் நினைவுக்கு வராமல் இராது. தாணுமாலயன் கோயிலில் தட்டினால் சுரம் எழுப்பும் கல்தூண்களைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அதே கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் வந்த பெண்கள் இருந்தனர். வரலாற்றறிஞர் கே.கே. பிள்ளை, 1953-இல் வெளிவந்த சுசீந்திரம் கோயில் பற்றிய தம் ஆங்கில நூலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1930-இல் சேது லட்சுமி பாய் மகாராணியின் ஆட்சியில் கோயில்களில் தேவதாசி முறை நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும் போராட்டத்துக்குப் பின் 1947-இல் சட்டம் வந்தது.

அந்தச் சீர்திருத்தம் வேண்டியதே. பெண்ணை ஒரு நிறுவனத்துக்குப் பொட்டுக்கட்டி ஒப்படைக்கும் முறைக்கு எந்தக் கலையும் நியாயம் கற்பிக்க முடியாது. எனினும், பொருளியல் படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கை மட்டும் கேட்கத் தோன்றுகிறது. ஒரு முறையை நிறுத்தும்போது அதனுடன் பிணைந்திருந்த கல்வியை யார் ஏற்பது என்று அன்று எவரும் கணக்கிடவில்லை. அந்தப் பெண்கள் வெறும் வேலையாட்கள் அல்லர், ஆசிரியர்கள். மனனம் ஒன்றையே ஏடாகக் கொண்ட பாடத்திட்டத்தின் காவலர்கள். சுசீந்திரத்தில் அவர்கள் பாடிய பாணி எப்படி இருந்தது என்று என் தலைமுறையில் பாடிக் காட்ட ஒருவரை நான் கண்டதில்லை. வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் தமிழ்க் கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்தன; பாபநாசம் சிவன் போன்றோர் அவற்றை ஏந்தி வந்தார்கள். ஏந்தி வர ஆள் இல்லாதவை போயின.

தனம்மாளின் குடும்பம் கோயிற்பணியைச் சார்ந்து இருக்கவில்லை. நகரத்துக்கு வந்து கச்சேரி உலகில் இடம் பிடித்திருந்தது. அப்படியிருந்தும் சமூகத்தின் ஏளனம் அந்த வீட்டு வாசலையும் விட்டுவைக்கவில்லை. பாலசரஸ்வதி 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். நாட்டியத்தின் மீதான பழி, புதிய மேட்டிமை வாய்ந்தோரின் அரவணைப்பு ஆகிய இரண்டின் நடுவே அவர் தம் குடும்பத்துக் கலையைத் தம் வழியில் காத்து நின்றார். தம்பியர் இருவரும் அவருக்குத் துணை. குடும்பத்துக்குள் இருந்த கல்வியைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டு செல்வது எப்படி என்னும் கேள்விக்குக் கடைசியில் குழல் வாசித்த தம்பி ஒரு விடை கண்டார்.

1958-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அவர் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே மேன்டில் ஹூட் என்னும் பேராசிரியர், பிற நாட்டு இசையை ஆராய விரும்புபவர் அதைத் தாமே பாடவோ வாசிக்கவோ கற்றாக வேண்டும், வெளியே நின்று அளந்தால் போதாது என்ற கொள்கையை நிறுவிக்கொண்டிருந்தார். இரண்டு மொழி பேசுபவரைப் போல இரண்டு இசை அறிந்தவராக மாணவர் ஆக வேண்டும் என்பது அவர் கருத்து. சுவாமிநாத பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அதைத் தன் முறையாகவே ஏற்றுக்கொண்டது புதிது.

1961-இல் நாடு திரும்பியவர், பேராசிரியர் சாம்பமூர்த்தி நெடுங்காலம் வளர்த்தெடுத்த சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவரானார். 1965 வரை அப்பொறுப்பில் இருந்தார். பின்னர் மீண்டும் அமெரிக்கா. கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் கற்பித்தார். இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1975-இல் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். அண்ணன் ரங்கநாதன் 1963 முதலே அங்கு மிருதங்கம் கற்பித்து வந்தார். ரங்கநாதனின் மாணவர் ராபர்ட் பிரவுன் தொடங்கிய துறை அது. உலக இசை என்று இன்று எல்லாரும் சொல்லும் ஆங்கிலத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பார்கள்.

இதை மூளை வெளியேற்றம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. என் வகுப்புகளில் அந்தத் தலைப்பில் பல ஆண்டுகள் பேசியவன் நான். பொறியாளர் வெளியேறினால் அவரது உழைப்பும் வரியும் வெளியேறும், அதைக் கணக்கிடலாம். இசை ஆசிரியரின் கணக்கு வேறு. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் பவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் நிகழ்கலைகளின் பொருளாதாரம் குறித்து எழுதிய நூல், எங்கள் துறையில் பெயர் பெற்றது. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கோவையை வாசிக்க நூறாண்டுக்கு முன்பு எத்தனை பேர், எத்தனை நேரம் தேவைப்பட்டதோ அதே அளவு இன்றும் தேவை. ஆகவே, மற்ற தொழில்களின் ஊதியம் ஏற ஏற, கலையின் செலவு வருவாயைத் தாண்டிக்கொண்டே போகும். யாராவது அந்த வேறுபாட்டைத் தாங்கியாக வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

கச்சேரிக்கே இப்படி என்றால் கற்பித்தலுக்கு எப்படி இருக்கும்! ஒரு பதத்தை 1935-இல் ஒரு சிறுவனுக்குச் சொல்லித் தர எத்தனை மாதம் ஆயிற்றோ, அதே காலம் 1985-இல் ஓர் அமெரிக்க இளைஞனுக்கும் ஆகும், கூடவும் ஆகலாம். அந்தக் காலத்தை முன்பு அரசவையும் கோயில் மானியமும் தாங்கின. பிறகு நகரத்துச் செல்வந்தர் ஓரளவு தாங்கினர். அவர்கள் விலகியபோது, எங்கோ ஒரு குளிர்நாட்டுச் சிற்றூர்ப் பல்கலைக்கழகம் அந்தச் செலவைத் தன் பட்ஜெட்டில் எழுதிக்கொண்டது. அங்கே பாட்டை ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாட, மீண்டும் ஆசிரியர் பாட என்றே வகுப்பு நடந்தது. கட்டடம்தான் வேறு.

அவருடைய ஆய்வேடும் இதே இடத்தில் நிற்கிறது. தென்னிந்திய இசையில் ராக ஆலாபனை என்பது அதன் பொருள். ஆலாபனைக்குச் சொல் கிடையாது, தாளமும் கிடையாது. வித்துவானின் கற்பனை என்று சொல்லி நாம் வணங்கிவிட்டு நகரும் பகுதி. சொல்லையே பற்றி வாழ்ந்த ஒருவர், சொல்லில்லாத பகுதியை ஆய்வுக்கு எடுத்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஆலாபனையிலும் தொடர்கள் உண்டு, நிறுத்தங்கள் உண்டு, தொடங்கும் இடமும் முடியும் இடமும் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்ட முடியும் என்றால், ஆசிரியரின் அருகில் இருபது ஆண்டுகள் அமர்ந்து உள்வாங்கும் வாய்ப்பு இல்லாத மாணவனுக்கும் ஒரு வாசல் திறக்கும். 1977-இல் ஆசிய இசைக்கான ஆங்கில ஆய்விதழிலும் இதே பொருளில் அவர் கட்டுரை வெளிவந்தது.

அவர் மாணவருள் தமிழ்நாடு நன்கறிந்த பெயர் ஜான் ஹிக்கின்ஸ். மாசசூசெட்ஸில் 1939-இல் பிறந்தவர். வெஸ்லியனில் படித்து, ஃபுல்பிரைட் உதவியுடன் சென்னைக்கு வந்து, விசுவநாதனிடம் பாட்டுக் கற்றவர். குழலாசிரியரிடம் வாய்ப்பாட்டுக் கற்றது கவனிக்கத்தக்கது. அந்த வீட்டில் இரண்டும் ஒன்றே. 1965-இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் ஹிக்கின்ஸ் பாடியபோது, வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் என்னும் வேடிக்கைக்காகப் பார்க்க வந்தவர்கள் காதைத் திறந்துகொண்டு திரும்பினார்கள். பாகவதர் என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. என் கல்லூரி நாள்களில் நாகர்கோவிலில் நண்பர் ஒருவரின் வீட்டு வானொலியில் அவர் பாட்டைக் கேட்ட பெரியவர் ஒருவர், பாடுபவர் கும்பகோணத்துக்காரர் என்று அடித்துச் சொன்னது நினைவிருக்கிறது. உச்சரிப்புத் திருத்தமாக இருந்ததே காரணம். எழுத்தெழுத்தாக என்னும் பழைய கட்டளை கடல் கடந்தும் தளரவில்லை.

எண்பதுகள் அவருக்குக் கொடிய பத்தாண்டாக அமைந்தன. 1984 பிப்ரவரியில் அக்கா பாலசரஸ்வதி காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், ஹிக்கின்ஸ் சாலையில் வாகனம் மோதி நாற்பத்தைந்து வயதில் மறைந்தார், மோதியவர் நிற்கவில்லை. 1987-இல் அண்ணன் ரங்கநாதனும் போனார். ஆடுபவர், உடன் வாசிப்பவர், தம் பாட்டை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்வார் என்று நம்பிய மாணவர் என மூவரும் மூன்றாண்டுகளில் இல்லாமலாயினர். அவர் தொடர்ந்து கற்பித்தார். வெஸ்லியனில் ஆண்டுதோறும் நவராத்திரி இசைவிழா நடந்தது. கோடை விடுமுறையில் சென்னை வருவதும் போவதுமாக இருந்தார்.

விருதுகள் தாமதமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1987-இல் சங்கீத நாடக அகாதெமி விருது. 1988-இல் சங்கீத கலாநிதி. பாலசரஸ்வதிக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும் கிடைத்த பட்டம் அது. தனம்மாளின் பேரப்பிள்ளைகளில் மூவர் அதைப் பெற்றனர். ஒருவர் ஆடியவர், ஒருவர் பாடியவர், ஒருவர் ஊதியவர். தனம்மாளுக்கு அப்படி ஒரு பட்டம் இருக்கவில்லை. 1992-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம், நாட்டின் பாரம்பரியக் கலைஞர்களுக்கு வழங்கும் உயரிய மதிப்பை விசுவநாதனுக்கு அளித்தது. தஞ்சாவூர்ப் பாரம்பரியம் அமெரிக்காவின் பாரம்பரியச் செல்வமாகவும் பதிவு பெற்ற விந்தையை எண்ணிப் பெருமைப்படுவதா, சற்றே வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

2002 செப்டம்பர் 10-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் காலமானார். வயது எழுபத்தைந்து. அப்போது தம் மாணவர் மேத்யூ ஆலனுடன் சேர்ந்து தென்னிந்திய இசை பற்றிய சிறு நூல் ஒன்றை எழுதி வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004-இல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிட்டது. பண்டிதர்களுக்கான நூலன்று. ராகம் என்ற சொல்லையே முதன்முறை கேட்கும் முதலாண்டுக் கல்லூரி மாணவனைக் கருதி எழுதியது. பின்னட்டையோடு ஒரு குறுந்தகடும் உண்டு. படித்தால் போதாது, கேட்க வேண்டும் என்பதற்காக.